வள்ளம் புரைக்குள் அடங்குமா?

சார்பியல் பாடத்தைத் தைரியமாக நடத்துங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பயந்து நடத்துங்கள். நான் பயப்படாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடத்தினேன். அதனால் ஒரு மாணவனின் படிப்பு கடலோடு போகப் பார்த்தது. இந்த வருஷம் இயற்பியல் துறைக்குப் புதிய ஆசிரியர்களாக வந்திருக்கும் நீங்கள், "சார், உங்க அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டீர்கள். பொன்னாடை போர்த்திய கதைகள் என்னிடமும் நாலைந்து உண்டு. அதைக் கேட்டு உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? நான் சைபர் போட்ட கதையைச் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கம். நாம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். பல்கலைக்கழகம் திருவனந்தபுரத்தில். நம் கல்லூரி இருக்கும் நாகர்கோவிலுக்கு ரயில் கிடையாது. ரயிலை ஏன் இழுக்கிறேன் என்றால், சார்பியல் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலிருந்து ரயில்தான் ஓடும். ஒருவன் ரயிலில் இருப்பான், ஒருவன் பிளாட்பாரத்தில் நிற்பான், ரயிலின் இரண்டு முனையிலும் மின்னல் விழும். முதல் தடவை நான் அதை நடத்தியபோது முன்பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "சாரே, பிளாட்பாரம்னா என்னது?" என்று கேட்டான். விசாரித்ததில் அந்த வகுப்பில் ரயிலைக் கண்ணால் பார்த்தவர்களே நான்கு பேர்தான். அதில் ஒருவன் பார்த்தது சரக்கு ரயில்.

எனவே ரயிலைத் தூக்கிக் கடாசிவிட்டு மீன்பிடி வள்ளத்தைக் கொண்டுவந்தேன். கடற்கரை ஊர்களும் வயற்காட்டு ஊர்களும் கலந்த வகுப்பு. வள்ளம் தெரியாதவர் யாரும் இல்லை. கணக்கு இதுதான். இருபதடி நீளமுள்ள ஒரு வள்ளம். கரையில் பன்னிரண்டடி நீளத்தில் ஓர் ஓலைப்புரை, அதாவது ஓலை வேய்ந்த கொட்டகை. வள்ளம் போகிற திசையில் முன்னால் ஒரு கதவு, வள்ளம் நுழைகிற பின்பக்கம் ஒரு கதவு. சும்மா நிறுத்தினால் வள்ளம் அதற்குள் அடங்காது, எட்டடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இப்போது அதே வள்ளம் ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு வேகத்தோடு புரைக்குள் பாய்கிறது. அவ்வளவு வேகத்தில் போகும் பொருள் போகிற திசையில் குறுகும். கரையில் நிற்பவன் அளந்தால் வள்ளம் சரியாகப் பன்னிரண்டடி இருக்கும். அது உள்ளே வந்த கணத்தில் இரண்டு கதவையும் ஒன்றாகச் சாத்தி உடனே திறந்துவிடலாம். அந்த ஒரு கணம் வள்ளம் முழுசாகப் புரைக்குள் இருந்தது என்பான் கரைக்காரன். வள்ளத்தில் இருப்பவனைக் கேட்டால், "நான் எங்கே ஓடினேன்? புரைதான் என்னைப் பார்த்து ஓடி வந்தது" என்பான். அவன் கணக்கில் குறுகுவது புரை. அது ஏழடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். இருபதடி வள்ளம் ஏழடிப் புரைக்குள் எப்படி அடங்கும்?

இந்தக் கேள்வியை நான் காதலித்தேன். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. கோட்டாற்றில் என் அறை. காலையில் கல்லூரிக்கு நடக்கும்போது வேளிமலையில் மேகம் பாதிவரை இறங்கியிருக்கும். எதிரே வரும் வண்டிமாடு, வண்டி, மேலே அடுக்கிய வைக்கோல் எல்லாம் வேகம் கூடிக் கூடி ஒரு சீட்டுப் போல மெலிந்து என்னைக் கடந்து போவதாக நினைத்துக்கொள்வேன். வண்டிக்காரருக்கு நான் மெலிந்திருப்பேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து, ஐயோ பாவம், இவன் சாப்பிடுவதில்லையா என்று பரிதாபப்பட்டுக்கொள்வோம். அப்படியே நடந்து கல்லூரி வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்த நாட்கள் உண்டு.

கேள்வியைக் காதலித்தவன் பதிலைச் சரியாகப் பார்க்கவில்லை. வகுப்பில் நான் சொன்ன பதில் இது: "இரண்டு கதவும் ஒன்றாகத்தான் மூடின. ஆனால் வள்ளக்காரன் முன்கதவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறான், அதனால் அதன் ஒளியை எதிரே போய்ச் சந்திக்கிறான். பின்கதவின் ஒளி அவனைத் துரத்திக்கொண்டு வரவேண்டும். எனவே முன்கதவு முதலில் மூடியதாக அவனுக்குத் தோன்றுகிறது. கண் ஏமாந்தது. அவ்வளவுதான்." கரும்பலகையில் 'கண் ஏமாந்தது' என்பதற்கு அடியில் இரண்டு கோடு வேறு போட்டேன்.

கடைசி பெஞ்சிலிருந்து மிக்கேல் எழுந்தான். கடியப்பட்டணத்து மீனவர் வீட்டுப் பையன். வாய் திறப்பது அபூர்வம்.

"சாரே, ஏமாந்தது வள்ளக்காரந்தான்னு எப்பிடித் தெரியும்? வள்ளத்துல இருந்து பாத்தா கரைதான் ஓடும்."

"ஒங்க ஊருல ஓடுமா இருக்கும்லே. எங்க ஊருல கரை நின்ன எடத்துல நிக்கும். இரு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவனும் லேசாகச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். நான் இரணியல் பக்கத்து விவசாயக் குடும்பம். வரப்பு நிற்கும், தண்ணீர் ஓடும் என்று பார்த்தே வளர்ந்தவன். நிலத்தில் நிற்பவன் சொல்வதுதான் நிஜம், அசைபவன் சொல்வது தோற்றம் என்பது எனக்குப் பாடமே இல்லை, எலும்பில் ஊறிய சங்கதி. அதை ஒருவன் கேள்வி கேட்டபோது எனக்கு அது கேள்வியாகவே படவில்லை.

அந்தக் காலத்தில் பல்கலைக்கழகப் பரீட்சைக்கு முன்னால் கல்லூரியில் செலக்‌ஷன் பரீட்சை என்று ஒன்று நடக்கும். அதில் தேறியவர்களின் விண்ணப்பம்தான் திருவனந்தபுரத்துக்குப் போகும். தேறாதவன் இன்னொரு வருஷம் இருந்து படிக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு வருஷம் போனால் போகட்டும். மிக்கேலுக்கு அந்த இன்னொரு வருஷம் கிடையாது. அவன் அப்பா இன்னாசி பங்குச் சாமியார் முன்னிலையில் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். மூத்தவன் கடலுக்கு, இளையவன் இந்த மார்ச் மாதம் வரை படிப்புக்கு. மார்ச்சில் பட்டம் வாங்கினால் பள்ளிக்கூட வேலைக்குப் போகலாம். வாங்காவிட்டால் துடுப்பு. அதற்கு மேல் காத்திருக்க அந்த வீட்டில் வழியில்லை. இது வகுப்புக்கே தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும்.

வள்ளமும் புரையும் கேள்வியைப் பத்து மார்க்குக்குக் கேட்டிருந்தேன். மிக்கேலின் விடையைப் படித்ததும் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நான் சொன்னதை எடுத்தெழுதி, அதை மறுத்திருந்தான். போதாக்குறைக்கு, இங்கிலீஷில் எழுத வேண்டிய தாளில் நடுவே 'கரமடி' என்று தமிழில் ஒரு சொல். கரமடி என்றால் மடி என்ற வலையைக் கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு, அதன் இரண்டு கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பது. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு பர்லாங் இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றாக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணி மீன் வெளியே போய்விடும்.

அவன் எழுதியதன் சாரம் இது. "கரமடியில் அந்தப் பக்கத்தாரின் சத்தம் எங்களுக்குத் தாமதமாக வரும். சத்தம் வர ஆகும் நேரத்தைக் கழித்துவிட்டால், இரண்டு கூட்டமும் ஒன்றாகத்தான் இழுத்தது என்று எல்லோரும் ஒத்துக்கொள்வோம். வள்ளமும் புரையும் அப்படி அல்ல. வள்ளக்காரன் வள்ளத்தின் நடுவில் இருக்கிறான். முன்கதவு மூடியது வள்ளத்தின் முன்நுனியில். பின்கதவு மூடியது பின்நுனியில். இரண்டும் அவனிடமிருந்து ஒரே தூரம். கழித்தாலும் கழிக்காவிட்டாலும் ஒன்றுதான். முன்கதவின் ஒளி முதலில் வந்தால், அவனுக்கு முன்கதவு முதலில் மூடிவிட்டது என்றே அர்த்தம். கண் ஏமாறவில்லை. கரைக்கு ஒன்றாக நடந்தது, வள்ளத்துக்கு ஒன்றாக நடக்கவில்லை."

இப்போது உங்களில் இரண்டு பேர் தலையாட்டுகிறீர்கள். நான் அன்று சிவப்பு மையில் 'பாடத்தை விட்டு விலகல்' என்று எழுதி சைபர் போட்டேன். மொத்தத்தில் தேற நான்கு மார்க் குறைந்தது. செவ்வாய்க்கிழமை பட்டியலை ஒட்டினார்கள். மிக்கேலின் பெயர் இல்லை. புதன்கிழமையிலிருந்து அவன் வகுப்புக்கு வரவில்லை.

எங்கள் துறைத் தலைவருக்கு ஒரு பழக்கம். நிறுத்தப்பட்ட மாணவர்களின் தாள்களை எல்லாம் தானே ஒரு தடவை படிப்பார். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் மிக்கேலின் தாள் விரிந்திருந்தது. பக்கத்தில் மட்டி வாழைப்பழத்தின் தோல்.

"ஓய், இந்த வள்ளக்காரன் எங்க இருக்கான்?"

"வள்ளத்துல சார்."

"வள்ளத்துல எங்க?"

"நடுவுலன்னு பையன் எழுதியிருக்கான்."

"அவன் எழுதினது இருக்கட்டும். நீரு எங்க வச்சீரு?"

யோசித்தேன். "நான் எங்கயும் வைக்கல்ல சார்."

"வச்சுப் பாரும்" என்றார். தாளை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த பழத்தை உரிக்க ஆரம்பித்தார். விண்ணப்பங்கள் திங்கட்கிழமை திருவனந்தபுரம் போகின்றன என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆய்வுக்கூடத்தில் அன்று பிற்பகல் யாரும் இல்லை. நீளமான மேஜையில் சாக்குக்கட்டியால் வள்ளத்தை வரைந்தேன், பக்கத்தில் புரையை வரைந்தேன். வள்ளத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியாக நானே மேஜையோரம் நின்றுகொண்டேன். நான் நகரவில்லை. புரை வருகிறது. முன்கதவு என் முன்நுனிக்கு வந்தபோது மூடித் திறந்தது. அதன்பிறகு புரை இன்னும் பன்னிரண்டே முக்கால் அடிக்கு மேல் நகர்ந்தால்தான் பின்கதவு என் பின்நுனிக்கு வந்து சேரும். அதற்கு ஆகும் நேரம், ஒளி பதினாறு அடி ஓடும் நேரம். மறுபடி போட்டேன், அதே பதினாறு. கரையின் பக்கமிருந்து சூத்திரப்படி போட்டேன், பதினாறேதான். வள்ளக்காரனுக்கு வள்ளம் ஒருபோதும் புரைக்குள் அடங்கவில்லை. கரைக்கோ அடங்கியது. இரண்டும் உண்மை. யாருடைய கண்ணும் ஏமாறவில்லை. கரைக்கு ஒரு 'ஒன்றாக', வள்ளத்துக்கு வேறொரு 'ஒன்றாக'.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேனோ. ஜன்னல் வழியாக வெயில் மேஜையில் சாய்ந்து வள்ளத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே தென்னை அசைந்தது. இந்த நிமிஷம் இரணியலில் அம்மா நெல் கிண்டிக்கொண்டிருப்பாள், இந்த நிமிஷம் மார்த்தாண்டம் சந்தை கலைந்துகொண்டிருக்கும், இந்த நிமிஷம் எங்கோ கடலில் வலை விழும் என்று நாடு முழுக்க ஒரே நிமிஷத்தைப் போர்வை போல விரித்து வைத்திருந்தேன் அதுவரை. அந்தப் போர்வையை யாரோ மெல்ல உருவுவது போல இருந்தது. பயமாக இருந்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருந்தது. பிறகு அந்தச் சிவப்பு மை சைபர் ஞாபகம் வந்தது.

இப்போது என் புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள். சனிக்கிழமை காலை முதல்வரிடம் போய், மதிப்பெண் கூட்டலில் பிழை நேர்ந்துவிட்டது, மிக்கேல் தேறிவிட்டான் என்று எழுதிக் கொடுத்தேன். வேறொரு கேள்வியில் ஐந்து மார்க் ஏற்றிவிட்டேன். சைபர் சைபராகவே இருந்தது. லெக்சரராக அது எனக்கு முதல் வருஷம். ஜூன் மாதம் வேலை உறுதியாக வேண்டும். பாடத்தையே தப்பாக நடத்தினேன் என்று எழுதிக் கொடுக்க எவனுக்கு மனசு வரும்? வேலையைக்கூட விடுங்கள். சார்பியல் என்றால் நான்தான் என்று கல்லூரியில் ஒரு பேச்சு இருந்தது. அதை விட எனக்கு மனசில்லை. கூட்டல் பிழை என்பதில் கௌரவம் கெடாது, எல்லோருக்கும் கூட்டலில் பிழை வரும். முதல்வர் கையெழுத்துப் போட்டார். மாணவனின் கையெழுத்துக்காக விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மணவாளக்குறிச்சியில் இறங்கி, கடியப்பட்டணத்துக்கு மணலில் நடந்தேன். வெயில் கண்ணைக் கூச வைத்தது. கருமணலும் வெள்ளை மணலும் கோடு கோடாகக் கிடந்தன. தூரத்தில் முட்டத்துக் கலங்கரை விளக்கம் உப்புப் புகையில் மிதப்பது போலத் தெரிந்தது. கரமடி நடந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கக் கயிற்றில் பதினைந்து இருபது பேர், அதில் மிக்கேலும் அவனுக்குப் பின்னால் அப்பா இன்னாசியும். நாலு முழ வேட்டியை மடித்துக் கட்டி, கால்களை மணலில் ஊன்றி, பின்பக்கமாகச் சாய்ந்து நின்றான். நான்கு நாளில் கை காய்த்திருந்தது.

"மிக்கேல், ஒரு நிமிஷம் இஞ்ச வா. பேசணும்."

"சாரா? மடி ஏறாம கயித்த விடப்பிடாது சாரே."

இன்னாசி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேசணும்னா நீரும் பிடியும் சாரே. சும்மா கைய வீசிட்டு நிக்கப்பிடாது இஞ்ச."

அது அவர்கள் முறை. செருப்பைக் கழற்றிவிட்டு மிக்கேலுக்கும் அப்பாவுக்கும் நடுவில் கயிற்றைப் பிடித்தேன். ஈரக் கயிறு உள்ளங்கையைச் சீவியது. தனியாகச் சொல்லலாம் என்று வந்த விஷயத்தை இருபது பேர் காதில் விழச் சொல்ல வேண்டியதாயிற்று. அதனால் என்ன, கூட்டல் பிழைதானே.

"ஒந் தாளுல கூட்டல் பிழை ஆயிப்போச்சு. நீ பாஸ். விண்ணப்பம் கொண்டாந்திருக்கேன், கையெழுத்து மட்டும் போட்டாப் போரும்."

"மாதாவே!" என்றார் இன்னாசி. "லேய், கேட்டியா?"

மிக்கேல் நாலைந்து இழுப்பு இழுத்தான். "அந்த வள்ளம் கேள்விக்கு எவ்வளவு சாரே இப்போ?"

"அது... அது அப்பிடியேதான்."

"சைபரா?"

"ம்."

"அப்போ நான் வரேல்ல சாரே."

எனக்குக் கோபம் வந்தது. அவன் அப்பாவுக்கு என்னைவிட வந்தது. "கோட்டி பிடிச்சிருக்கால ஒனக்கு? சாரு வேலயப் போட்டுட்டு வெயில்ல நடந்து வந்திருக்காரு. பாஸுன்னு சொல்லுதாரு. பொறவு என்ன வேணும்?"

"நாலு நாளா இந்தக் கயித்தப் பிடிச்சிட்டு அதத்தான் யோசிச்சிட்டு நிக்கேன், அப்பா. எங்க தப்பு பண்ணினேன்னு பிடிகிட்டேல்ல. எப்பிடிப் போட்டாலும் அதேதான் வருகு. ஆனா சாரு சைபர் போட்டிருக்காரு. அப்போ எனக்கு ஒண்ணுமே மனசிலாகேல்லன்னுதானே அர்த்தம்? மனசிலாகாத ஒண்ணுக்கு டிகிரி வாங்கி, நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல போய் என்னத்தச் சொல்லிக் குடுக்க? இதுன்னா தெரியும்." கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தான்.

என் மடியில் விண்ணப்பம் இருந்தது, முதல்வர் ஒப்பம் இருந்தது, எல்லாம் இருந்தது. அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது மட்டும் அதில் இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்க ஒரே வழிதான் உண்டு. கயிற்றை விட்டுவிட்டு ஓடலாம் என்றுகூடத் தோன்றியது. விடவும் கூடாது.

"தப்பு ஒங்கிட்ட இல்ல மக்கா" என்றேன். "எங்கிட்ட. நீ எழுதினது சரி. நான் வகுப்புல நடத்தினது தப்பு. கூட்டல் பிழைன்னு சொன்னது பொய்."

அவன் திரும்பவில்லை. அவன் முதுகு மட்டும் தெரிந்தது எனக்கு. இழுப்பு நிற்கவில்லை. முன்னால் நின்ற நரைத்த மீசைக்காரர் ஒருவர் கேட்டார். "சாரு என்னதான் தப்பா நடத்தினீரு?"

"வள்ளத்துல இருக்கவன் கண்ணு ஏமாந்துட்டுதுன்னு சொல்லிக் குடுத்தேன்."

"வள்ளத்துல இருக்கவன் கண்ணா!" அவருக்கு நிஜமாகவே ரோஷம் வந்துவிட்டது. "கரையில நிக்கவன் கண்ணுன்னு சொல்லும், ஒத்துக்கிடுகோம்."

கயிறு முழுக்கச் சிரிப்பு ஓடியது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது, வியர்வை என்று துடைத்துக்கொண்டேன். ஒரு பர்லாங்குக்கு அப்பால் அடுத்த கூட்டம் பூச்சி போலத் தெரிந்தது. அவர்கள் சாய்வதும் நிமிர்வதும் தெரிந்தது, ஓசை பின்னால் மெதுவாக வந்தது. நடுவே கடலில் வலையின் மிதப்புகள் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. இல்லை, கரைதான் அவற்றைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கால் கீழே மணல் நகர்வது போல ஒரு நிமிஷம் தலை சுற்றியது.

"சாரே" என்றான் மிக்கேல், முன்னால் பார்த்தபடியே. "ரெண்டு கதவுக்கும் இடையில எவ்வளவு நேரம் வரும்?"

"ஒளி பதினாறு அடி ஓடுக நேரம்."

"எனக்கும் பதினாறுதான் கிட்டிச்சு. மணல்ல எழுதிப் பாத்தேன்." அப்போதுதான் திரும்பினான். அந்த முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை.

மடி கரையேறியது. கையைக் கழுவி, தலைத்துண்டில் துடைத்து, வள்ளத்தின் பலகைமேல் விண்ணப்பத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டான். காகிதத்தில் ஒரு மூலை ஈரமாயிற்று. அவன் அப்பா ஓலையில் மீன் கட்டித் தந்தார், கயிறு பிடித்த பங்கு என்று. வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மனசு லேசாகிவிட்டது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். மிக்கேல் கொஞ்ச தூரம் கூட வந்தான்.

"சாரே, மத்தவனுவளுக்கு என்ன செய்யப் போறீங்க?"

"யாருக்கு?"

"பத்துக்குப் பத்து வாங்கினவனுவளுக்கு. மார்ச்சுலயும் அதத்தானே எழுதுவானுவ?"

நான் நின்றுவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை அவர்களை நான் நினைக்கவே இல்லை. சைபர் வாங்கியவனை நினைத்துத்தான் ஓடோடி வந்தேன். நான் சொன்னதை அப்படியே எழுதி முழு மார்க் வாங்கிய பதினோரு பேர் நாகர்கோவிலில் நிம்மதியாக இருந்தார்கள். கெடுத்தது அவர்களையும்தான்.

திங்கட்கிழமை முதல் மணி. கரும்பலகையில் வள்ளத்தை வரைந்து நடுவில் ஆளை உட்கார வைத்தேன். "நான் இதுவரை நடத்தியது தப்பு. பத்து மார்க் கொடுத்த விடைகளும் தப்பு. மிக்கேல் எழுதியதுதான் சரி" என்று சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முதல் மார்க் வாங்கும் பையன் மட்டும் எழுந்து, "சாரே, அப்போ மத்த பாடமெல்லாம்?" என்று கேட்டான். அவன் கேட்டதில் குசும்பு இல்லை. உண்மையிலேயே அவனுக்குப் பயம். "அதையும் சந்தேகத்தோடயே படி" என்றேன். மத்தியானம் நடந்ததை எழுதி முதல்வரிடம் வேறு கடிதம் கொடுத்தேன். என் வேலை உறுதியாக அப்புறம் ஒரு வருஷம் கூடுதலாக ஆயிற்று. துறைத் தலைவர் அன்று எனக்கும் ஒரு மட்டிப்பழம் கொடுத்தார். மிக்கேல் அந்த மார்ச்சில் தேறினான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கும் சயன்ஸும் நடத்தினான்.

இத்தோடு நிறுத்தினால் என்னைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொண்டு போவீர்கள். நிறுத்த முடியாது. லெக்சரராவதற்கு முன்னால் டியூட்டராக இருந்த இரண்டு வருஷமும் அதே பாடத்தை, அதே வள்ளத்தை, அதே 'கண் ஏமாந்தது' என்று நான் நடத்தியிருந்தேன். அவர்களுக்கும் பத்துக்குப் பத்து அள்ளிக் கொடுத்திருந்தேன். நோட்டை எடுத்துப் பார்த்தபோது அவர்களில் மூன்று பேர் அதற்குள் வேறு கல்லூரிகளில் டியூட்டராகிவிட்டது தெரிந்தது. என் நோட்ஸைப் பார்த்துத்தான் நடத்திக்கொண்டிருந்திருப்பார்கள். மூன்று பேருக்கும் கடிதம் போட்டேன். இரண்டு பேர் பதில் எழுதினார்கள். மூன்றாவது ஆள் வேலை மாறிப் போய்விட்டான் என்று கடிதம் திரும்பி வந்தது. பிறகு எத்தனையோ பேரிடம் விசாரித்தேன், கிடைக்கவில்லை. நல்ல குரல் அவனுக்கு, அருமையாகப் பாடம் சொல்வான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

உங்களுக்குப் பாடம் நடத்தியவர்களுக்குப் பாடம் நடத்தியவனாக அவன் இருக்கலாம். அதனால் கேட்கிறேன், இதற்குத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். வள்ளக்காரனுக்குக் கண் ஏமாந்தது என்று உங்களில் யாருக்காவது யாராவது சொல்லித் தந்திருந்தால், அது என்னிடமிருந்து வந்த தப்பு. தயவு செய்து கை தூக்குங்கள். இங்கேயே, இப்போதே திருத்திவிடுகிறேன்.